சுவிட்ச் சுவரில்தான் இருக்கவேண்டுமா?

"எந்த விதியின்படி?"

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குச் சாகும்வரை மறக்காத கேள்வி இது. கோப்பு மேலே போகும். இந்த இரண்டு சொற்களைச் சுமந்துகொண்டு கீழே வரும். இன்று அதே கேள்வியை நான் எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்களையும், கைத்தறிக்குத் திட்டம் தீட்டும் பெரியவர்களையும் பார்த்துக் கேட்கிறேன். சுவிட்ச் என்றால் சுவரில்தான், அதுவும் கதவு நிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

நான் சொல்வது கூரையில் பொருத்தும் கயிறு சுவிட்சைப் பற்றி. சுவிட்ச் மேலே உத்திரத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரு கயிறு மட்டும் கீழே தொங்கும். ஒருமுறை இழுத்தால் விளக்கு எரியும், இன்னொருமுறை இழுத்தால் அணையும். அவ்வளவுதான் சாமான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த நம் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள்: அங்கே வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கும். பேஸ்மென்ட் என்பார்கள். அதன் கூரையில் ஒரு பல்ப், பல்ப் ஹோல்டரிலிருந்து மணிமணியாகக் கோத்த ஒரு சங்கிலி. ஹார்வி ஹப்பெல் என்ற அமெரிக்கர் 1896இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லண்டன் போனவர்கள் இதையே குளியலறையில் பார்த்திருப்பீர்கள். ஈரக் கை எட்டும் இடத்தில் அங்கே சுவர் சுவிட்ச் வைக்க விடமாட்டார்கள். கூரையில் சுவிட்ச், கையில் வெறும் கயிறு.

பெரணமல்லூரில் பேஸ்மென்ட் ஏது என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதற்கு நாம் குழித்தறி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணிப் பட்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அந்தச் சேலையில் பெரும்பகுதி ஆரணி டவுனில் மட்டும் நெய்ததல்ல. சுற்றியுள்ள எங்களைப் போன்ற ஊர்களிலும் தறி ஓடுகிறது. குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக உட்காருவார். கால்கள் இரண்டும் குழிக்குள். மிதிகள் குழியின் அடியில் இருக்கும். தரையின் ஈரம் பாவுக்கு நல்லது, இழை சுலபத்தில் அறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நூலுக்கு நல்லதுதான். மனிதனுக்கு? ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்து மழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறும். அதை மொண்டு ஊற்றிவிட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

இப்போது விளக்கு எங்கே என்று பாருங்கள். தறி அறையின் நீளத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பாவு அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர்வரை. சுவிட்ச் பலகை கதவுக்குப் பக்கத்தில். அங்கே போடுகிற சுவிட்ச் பொதுவாக அறை விளக்குக்கு. தறிக்கு மேலே தொங்கும் பல்புக்குப் பல வீடுகளில் சுவிட்சே கிடையாது. ஒயரை ஆணியில் சுற்றி, நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அணைக்க வேண்டுமென்றால் பல்பை அரைச் சுற்றுத் திருகித் தளர்த்துவார்கள், அல்லது ஒயர் முனையைப் பிளக் ஓட்டையிலிருந்து பிடுங்குவார்கள். ஈரக் குழியில் காலை வைத்துக்கொண்டு, வியர்த்த கையால், 230 வோல்ட் மின்சாரத்தோடு விளையாட்டு.

அடுத்த தெருவில் ஒரு நெசவாளர். அறுபதைத் தாண்டியவர். ஒரு பிற்பகல் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வானம் மூடியிருந்தது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே வந்த வெளிச்சம் தறிக்கு எட்டுமுன்பே தீர்ந்துபோயிருந்தது. மனுஷன் மூக்கு பாவில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஜரிகை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, லைட்டைப் போடக்கூடாதா?"

"போடணும்னா ஏறி எறங்கணும் சார். முட்டி ஒத்துக்க மாட்டேங்குது."

"காலையிலேயே போட்டுட்டு உக்கார வேண்டியதுதானே?"

"வெயில் வந்தா ஜரிகை கண்ணைக் கூசுது சார். கண்ணாடி ஓடும் லைட்டும் சேந்து அடிச்சா இழையே தெரியாது. அணைக்கணும்னா திரும்ப ஏறணும். வந்தது வரட்டும்னு இருட்டுலயே ஓட்டிடறது."

இந்தப் பதிவு முழுவதற்கும் காரணம் இந்தப் பதில்தான். கரண்ட் இருக்கிறது, பல்ப் இருக்கிறது, பல்புக்குக் கட்டணம்கூட இல்லை. ஆனாலும் இருட்டில் நெய்கிறார். ஏன்? கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இரண்டரை அடிக் குழியும் ஒரு பழைய முட்டியும் இருக்கின்றன. மங்கலில் ஓர் இழை அறுந்தது கண்ணில் படாமல் போனால் சேலையில் அது கோடாக நிற்கும். சேலையைப் பிரித்துப் பார்க்கிறவர் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார். கூலியில் கை வைப்பார். நாள் பூராவும் உட்கார்ந்து நெய்ததன் கூலி, ஒரு சுவிட்ச் தப்பான இடத்தில் இருப்பதால் குறைகிறது. கண் கெடுவது தனிக் கணக்கு. அதற்கு யாரும் கூலி போடுவதில்லை.

கைத்தறிக்கு இலவச மின்சாரம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்ததை 2023 மார்ச்சில் 300 ஆக்கினார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தறிக்கு மேலே 9 வாட் எல்.இ.டி. பல்ப், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், அறுபது நாள். மொத்தம் 5.4 யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தாலும் 36 யூனிட்தான். ஆக, தறி விளக்கு விஷயத்தில் மின்சாரம் என்றைக்கும் பற்றாக்குறையாக இருந்ததில்லை. கயிறு சுவிட்ச் போட்டால் கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது கண்ணும் முட்டியும் மிச்சமாவது.

மத்திய அரசின் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் விளக்கு வசதிக்கென்றே ஓர் இனம் உண்டு. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் என் குமாஸ்தா கண்ணுக்குப் படிவம் எப்படி இருக்கும் என்று தெரியும். விளக்கு எத்தனை, விலை எவ்வளவு, பயனாளி கையொப்பம். சுவிட்ச் எங்கே என்று கேட்க ஒரு கட்டம் இருக்காது. கட்டம் இல்லாத விஷயம் அரசாங்கத்தில் நடக்காது, இது நான் வாழ்ந்து கண்ட உண்மை. 2015இலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி தினம். மேடை போடுகிறார்கள், மூத்த நெசவாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும். அந்தப் பொன்னாடை வாங்குகிற காசுக்கு ஒரு கயிறு சுவிட்சும் கொஞ்சம் ஒயரும் வாங்கி மாட்டிவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் அதை இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடவேளை உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம். வாத்தியார் ஒரு சாவியையோ பம்பரத்தையோ மேசைமேல் வைத்துவிட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார். புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் உதை. (பிற்காலத்தில் அலுவலகத்தில் அப்படிக் கேட்டால்தான் உதை என்று தெரிந்துகொண்டேன்.)

அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நம் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் செய்த பெட்டியின் பேரப்பிள்ளை. லியோனின் பட்டு நெசவாளர்களுக்குக் கனூ என்று பெயர். குருவா ரூஸ் என்ற மேட்டில் அவர்களுக்காகக் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. கூரை நாலு மீட்டர் உயரம், ஏனென்றால் பெட்டி வைத்த தறி நிற்கவேண்டும். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேல், ஏனென்றால் பட்டுக்கு வெளிச்சம் வேண்டும். அவர்களும் சுகமாக வாழ்ந்துவிடவில்லை. கூலிக்காக 1831இலும் 1834இலும் தெருவில் இறங்கினார்கள், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. ஆனால் அங்கே தறிக்கு ஏற்ற மாதிரி வீடு கட்டினார்கள். நாம் வீட்டுக்குள் தறியைத் திணித்தோம். பெட்டியை லியோனிலிருந்து எடுத்துக்கொண்டோம், ஜன்னலை எடுத்துக்கொள்ளவில்லை. சரி, ஜன்னல் வைக்க இடமில்லை. கயிறு கட்டவுமா இடமில்லை?

இதில் வேடிக்கை என்னவென்றால், கயிறு இழுப்பது நெசவாளருக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கண்டுபிடித்த விசை நாடா வேறென்ன? தொங்கும் கயிற்றைச் சுண்டினால் நாடா இந்தப் பக்கம், மறுபடி சுண்டினால் அந்தப் பக்கம். அப்படி ஓட்டுகிற தறியில் ஒருவர் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை கயிறு இழுக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டிலிருந்து நூற்றுக்கணக்கில் கயிறு இறங்குகிறது. இத்தனை கயிற்றுக்கு நடுவே வாழ்கிற மனிதரிடம் போய், விளக்குக்கு மட்டும் எழுந்து சுவருக்குப் போ என்கிறோம்.

இனி, நான் இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே வருகிற வாதங்கள்.

"பெட் ஸ்விட்ச் போட்டா போச்சு சார்." எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி இதைத்தான் சொல்கிறார்கள். கட்டில் பக்கம் தொங்குமே, ஒயர் நுனியில் அமுக்குகிற சுவிட்ச், அது. பேரிக்காய் வடிவத்தில் இருப்பதால் பிரெஞ்சில் அதற்குப் பேரிக்காய் என்றே பெயர், 'புவார்'. புதுச்சேரியில் பெரிய வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஐயா, இரண்டும் ஒன்றல்ல! புவாரில் 230 வோல்ட்டே கீழே இறங்கி வந்து உங்கள் உள்ளங்கையில் உட்காருகிறது. ஒயர் தினம் வளையும். சுவிட்சின் கழுத்தில் உறை வெடிக்கும். தறியில் பலகை நாள் முழுக்க அடிக்கிற அதிர்வில், உரசலில், இன்னும் சீக்கிரம் வெடிக்கும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது ஒரு ஆபத்து என்றால், ஈரமண்ணில் கால் வைத்திருப்பவருக்குப் பத்து ஆபத்து. கயிறு சுவிட்சில் மின்சாரம் உத்திரத்தை விட்டு இறங்குவதே இல்லை. கீழே வருவது நூல்.

"சென்சார் லைட் போடலாமே." இது வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் யோசனை. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் சற்று நேரத்தில் அணையும். அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது நெசவாளர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்காருவார். விரல் நுனி மட்டும்தான் அசையும். சரியாக அந்த நேரத்தில் விளக்கு போகும். கைபேசியில் தட்டினால் எரிகிற பல்ப் இருக்கிறதாம். கைபேசி எங்கே என்று தேட முதலில் விளக்கு வேண்டும்.

"அசிங்கமா தொங்கும் சார், பழைய காலத்து சாமான்." இதைச் சொன்னவரின் கடையிலேயே சுவரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அதிலிருந்து இரண்டு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. வேகத்துக்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. சலூனிலும் டாக்டர் கிளினிக்கிலும் அந்தக் கயிற்றை இழுக்காதவர் யார்? நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் சொல்வேன். கண்டக்டர் இழுக்கிற மணிக்கயிறு. ரயிலில் அபாயச் சங்கிலி. பழைய கக்கூஸ்களில் தொட்டிச் சங்கிலி. கச்சேரிகளில் துரைக்குப் பங்கா இழுத்த கயிறு. துரைக்குக் காற்று வேண்டுமென்றால் கயிறு அழகாக இருந்தது, நெசவாளருக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் அசிங்கமாகிவிட்டதா?

குழந்தைகள் தொங்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். தறி இருக்கிற அறையில் குழந்தை தொங்குவதற்கு முன் அதன் பாட்டி என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த அறுபது வயதுக்காரர் வீட்டில் ஒன்று மாட்டச் சொன்னேன். "ஊருக்கெல்லாம் சுவிட்ச் போடக் கெளம்பிட்டீங்களா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். லைசென்ஸ் உள்ள ஆள்தான் மாட்டினார், நான் நாற்காலியில் உட்கார்ந்து 'ஏன்' கேட்கிற வேலையைப் பார்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் மாட்டுவதானால் கவனிக்கவேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

முதலில் மெயினை அணைக்கவேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்கவேண்டும். நாட்டு ஓட்டு வீட்டில் சுவிட்சை ஓட்டிலோ மூங்கிலிலோ தொங்கவிடாதீர்கள். சட்டத்தில் மரக்கட்டை அடித்து அதன்மேல் திருகுங்கள், தினம் இழுபடும் சாமான் அது. 6 ஆம்பியர் சுவிட்ச் விளக்குக்குத் தாராளம். சுவிட்ச் வழியாகப் போகவேண்டியது ஃபேஸ் ஒயர். நியூட்ரலை அதில் கொடுத்துவிட்டு "எரியுது பாருங்க சார்" என்று காட்டுவார்கள். எரியும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்ப் மாற்றுகிறவர் கையில் அடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சங்கிலி வேண்டாம், கயிறுதான். உள்ளே ஏதாவது பழுதானால் இரும்புச் சங்கிலி மின்சாரத்தைக் கைவரை கொண்டுவந்துவிடும். நைலான் கயிறு நல்லது. அது நேர்க்கோட்டில் தொங்கவேண்டும். சாய்த்து இழுத்தால் சுவிட்சின் வாயில் உரசி அறும், உள்ளே இருக்கும் சின்ன வில்லும் சிக்கும். ஆகவே உட்கார்ந்த நிலையில் கை எங்கே எட்டுகிறதோ அதற்கு நேர் மேலே சுவிட்சை வையுங்கள், பல்புக்குப் பக்கத்தில் வைப்பதுதான் சுலபம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும். பாவிலும் ஜக்கார்டு அட்டையிலும் படாத இடமாக இருக்கட்டும். நாடா இழுக்கிற கை வலதென்றால் இது இடப்பக்கம். நிறமும் வேறாக இருந்தால் அவசரத்தில் மாறாது.

விடியற்காலையில் இருட்டில் வந்து குழிக்குள் காலை விட்டு விழுகிறவர்கள் உண்டு. அதனால் கதவருகே இருக்கிற சுவிட்சைப் பிடுங்க வேண்டாம். மாடிப்படிக்குப் போடுகிறோமே, அதுபோல டூ-வே இணைப்பாகக் கொடுத்தால் வாசலில் போட்டுவிட்டு வந்து தறியில் அணைக்கலாம், தறியில் போட்டு வாசலில் அணைக்கலாம். டூ-வேக்கு ஆகும் கயிறு சுவிட்ச்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இதோடு மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. கசிவு வந்த நொடியே மின்சாரத்தை வெட்டிவிடும். சுவிட்சைவிட விலை கூடத்தான். குழித்தறி வீட்டில் அது இல்லாமல் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. இலவச மின்சாரம் தருகிறவர்கள் அதையும் சேர்த்துத் தரட்டும்.

மாட்டி முடித்த அன்று அந்த நெசவாளரின் மனைவி கயிற்றின் முனையைப் பார்த்தார். பிளாஸ்டிக் குமிழ் வழவழவென்று கையில் நிற்கவில்லை. உள்ளே போய் நூல் தீர்ந்த ஒரு பழைய தார்க்குச்சியைக் கொண்டுவந்து அதில் கட்டிவிட்டார். இருட்டில் தடவினாலும் கைக்குத் தெரிகிறது.

அவர் தறியைப் பார்த்துவிட்டு அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஆரணியில் எலக்ட்ரிகல் கடையில் கயிறு சுவிட்ச் என்று கேட்டால், "பாத்ரூமுக்கா சார்?" என்று கேட்பார்கள். தறிக்கு என்று சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் வரவழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் வாங்கி வைப்பார்கள்.